பனிக்கட்டியும் பிள்ளைப்பேறும்



மன்னார்த் தீவிற் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பனிக்கட்டி என்பது குளிர்பானத்திற்குரிய பொருளன்று; அது மீனுக்குரிய பொருள். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் பள்ளிமுனையிலும் விடியற்காலையிற் கரைசேரும் வள்ளங்களை எதிர்நோக்கி, ஐஸ் பெட்டிகளுடன் வியாபாரிகள் காத்து நிற்பதை நாம் அன்றாடம் காண்கின்றோம். ஐஸில் இட்டு ஒருநாள் வைத்த மீனும், கல்லைப்போல் உறையவைத்துப் பின்னர் இளகவிட்ட மீனும் ஒன்றல்ல என்பதை எங்களூர்ப் பெண்கள் தொட்ட மாத்திரத்தே சொல்லிவிடுவார்கள். உறைந்து இளகிய மீனிலிருந்து நீர் வடியும், சதை தளரும், குழம்பில் இட்டால் உதிர்ந்து போகும். இதற்குக் காரணம் யாது? உயிருள்ள பொருள் யாவும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய கலங்களால் ஆனவை. கலத்தின் பெரும்பகுதி நீர். அந்நீர் உறையும்போது கூரிய பளிங்குகளாகித் தன்னைச் சூழ்ந்த மென்சவ்வைக் கிழித்துவிடுகின்றது. குளிர் மீனைக் கெடாமற் காக்கும். ஆனால் உயிரைக் காக்காது. உறைந்த மீன் மீண்டும் நீந்துவதில்லை.

இவ்வுண்மையை மனிதன் வென்ற கதையையும், அவ்வெற்றி புற்றுநோயுற்ற பெண்களுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதையும் இன்று உங்களோடு எண்ணிப்பார்க்க விரும்புகின்றேன். நான் வைத்தியன் அல்லன். வரலாறு கற்ற ஒரு கலைப்பட்டதாரி. அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். ஆதலால் மருந்து சொல்ல வரவில்லை. நடந்ததைச் சொல்லவே வந்துள்ளேன்.

இப்பொருளில் என் கவனம் சென்றதற்கு ஒரு மாணவி காரணம். அவளுடைய பெயரையோ, ஊரையோ, அவள் சிகிச்சை பெற்ற இடத்தையோ நான் கூறப்போவதில்லை. உயர்தர வகுப்பிற் பயின்றுகொண்டிருந்தபோது கழுத்தில் ஒரு கட்டி தோன்றியது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். பல மாதங்கள் மருந்து ஏற்றினார்கள்; தலைமயிர் கொட்டியது; தலையில் துணி சுற்றிக்கொண்டு வந்து பரீட்சை எழுதினாள். நோய் நீங்கியது. வைத்தியர்கள் தம் பணியைச் செவ்வனே செய்தார்கள், அதில் ஐயமில்லை. பின்னர் அவளுக்குத் திருமணமும் ஆயிற்று. நான்கு ஆண்டுகள் கழிந்தபின், தம்பியின் பாடசாலை அனுமதி குறித்து என் அலுவலகத்திற்கு வந்தவள், வந்த காரியம் முடிந்த பின்பும் எழாமல் இருந்தாள். "சேர், மருந்து ஏற்றுறதுக்கு முன்னம் ஒருதரும் எனக்கு இதைச் சொல்லேல்லை" என்றாள். எதைச் சொல்லவில்லை என்று நான் கேட்கவேண்டியிருந்தது. அவளுக்கு இருபத்தைந்து வயதிலேயே மாதவிலக்கு நின்றுவிட்டது என்பதையும், இனிப் பிள்ளைப்பேறு அரிது என்று வைத்தியர் கூறிவிட்டார் என்பதையும் அப்பொழுதுதான் அறிந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் தொடங்கி இது பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசிக்கலானேன்.

வாசித்ததில் முதலில் என்னை நிறுத்தியது ஒரு பழைய செய்தி. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நீங்கள் அறிவீர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912 ஆம் ஆண்டிற் பட்டம் பெற்ற முன்னோடிப் பெண்மணி. அவருடைய தங்கை 1923 ஆம் ஆண்டிற் புற்றுநோயால் மாண்டார். அருகிலிருந்து பார்த்தும் காக்க இயலாத வைத்தியரான தமக்கை, இந்நோய்க்கெனத் தனியொரு மருத்துவமனை அமைப்பதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் முயன்றபின், 1952 இல் நேரு அவர்கள் அடிக்கல் நாட்ட, 1954 இல் அடையாற்றிற் புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. பன்னிரண்டே கட்டில்கள், மிக எளிய கட்டடங்கள். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். 2021 ஆம் ஆண்டில் மறையும் வரை சாந்தா அம்மையார் அந்நிலையத்தைப் பிரியவில்லை.

அக்காலத்தில் எங்கள் தீவிற்கு அடையாறு தொலைவன்று. 1914 ஆம் ஆண்டு முதல் தலைமன்னார் இறங்குதுறையிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் ஓடியது; அங்கிருந்து புகைவண்டி ஏறினால் மறுநாட் சென்னை. கோயிலுக்கும், கல்விக்கும், துணிமணி வாங்கவும், வைத்தியத்திற்கும் அவ்வழியே சென்றவர்கள் எத்தனையோ பேர். 1964 ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திற்கு ஓடிய கப்பலும் 1980களின் போர்க்காலத்தில் நின்றது. 1990 இல் நின்றுபோன எங்கள் புகைவண்டியே 2015 இற்றான் மீண்டும் தலைமன்னாரைக் கண்டது. இதை ஏன் சொல்கின்றேன் என்றால், நோயாளிக்கு வரலாறு என்பது பெரும்பாலும் பாதை இருந்ததா, இல்லையா என்பதுதான்.

அடையாறு திறக்கப்பட்ட ஆண்டில், புற்றுநோய் வந்த ஒரு சிறுமி வளர்ந்து திருமணம் செய்து பிள்ளை பெறுவாளா என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் உயிர் பிழைப்பாளா என்பதே கேள்வி. விடை பெரும்பாலும் இல்லை என்பதே. அந்த விடையை மாற்றியவை இரசாயன மருந்துகள். அவற்றின் பிறப்பு விந்தையானது. போர்க்களத்திற் பயன்பட்ட கடுகு வாயுவின் இனத்தைச் சேர்ந்த நைதரசன் மஸ்டட் என்னும் பொருள், நிணநீர்க் கட்டிகளைக் கரைக்கும் என்பது 1942 இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அறியப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்க மருந்து நிறுவனமொன்றிலிருந்து அளித்த அமினொப்தெரின் என்னும் மருந்தைக் கொண்டு, பொஸ்ரனில் சிட்னி பாபர் குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைச் சில மாதங்கள் அடக்கிக் காட்டினார். அச்செய்தி 1948 இல் வெளியாயிற்று. அவ்வாண்டே சுப்பாராவ் மறைந்தார். 1960களிற் பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்தபோது, குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளும் நிணநீர்ப் புற்றுநோயுற்ற இளைஞரும் உண்மையிலேயே குணமடையத் தொடங்கினர்.

குணமடைந்தபின் எழுந்ததுதான் நம் கேள்வி. இம்மருந்துகளுட் சில, சிறப்பாகக் கடுகு வாயு இனத்தைச் சேர்ந்தவை, புற்றுநோய்க் கலங்களை மட்டும் அழிப்பதில்லை. பெண்ணின் சூலகத்தில் உறங்கும் முட்டைக்கலங்களையும் அழிக்கின்றன. அடிவயிற்றிற் படும் கதிர்ச் சிகிச்சையும் அவ்வாறே. ஆணின் உடல் நாள்தோறும் புதிய வித்துக்களை உண்டாக்கிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு அவ்வாறில்லை. அவள் பிறக்கும்போதே பத்து முதல் இருபது இலட்சம் முட்டைக்கலங்களோடு பிறக்கின்றாள். பூப்படையும்போது மூன்று அல்லது நான்கு இலட்சமே எஞ்சும். வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை ஏறக்குறைய நானூறு. குறைந்தது கூடுவதில்லை. அது சேமிப்பு மட்டும் உள்ள கணக்கு, வரவு கிடையாது.

ஆயின், மருந்து ஏற்றுமுன் அச்சேமிப்பில் ஒரு பகுதியை வெளியே எடுத்து வைக்க இயலாதா? இயலும், ஆனால் உறையவைத்தால் மீனுக்கு நேர்ந்த கதியே அதற்கும் நேரும். இனி இலண்டனுக்கு வடக்கே உள்ள மில் ஹில் என்னும் இடத்திற்குச் செல்வோம்.

அங்கே பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், அலன் பார்க்ஸ் என்பவரின் தலைமையில், கிறிஸ்தோபர் போல்ஜ் என்னும் இளைஞரும் ஓட்ரி சிமித் என்னும் அம்மையாரும் சேவலின் விந்தை உறையவைத்து உயிருடன் மீட்க முயன்று கொண்டிருந்தனர். பழச்சீனிக் கரைசலிற் கலந்து உறைய வைத்தனர், பயனில்லை. முயற்சியைச் சில மாதங்கள் கைவிட்டனர். பின்னர், குளிரறையில் வைத்திருந்த அதே சீனிக் கரைசற் போத்தலை எடுத்து மீண்டும் முயன்றபோது, உறைந்த விந்து உயிர்பெற்று நீந்தியது! மகிழ்ந்து புதிதாகச் சீனிக் கரைசல் கரைத்து முயன்றனர், மீண்டும் தோல்வி. பழைய போத்தலில் மட்டும் ஏதோ ஒன்று இருந்தது. எஞ்சியிருந்த சிறிதளவையும் இரசாயனப் பரிசோதனைக்கு அனுப்பினர். அதிற் சீனியே இல்லை. கிளிசரோலும் நீரும் சிறிது புரதமுமே இருந்தன. நுணுக்குக்காட்டித் தட்டுகளில் இழையங்களை ஒட்டவைக்கும் பசைக் கரைசல் அது. போத்தல்களின் சீட்டு மாறியிருந்தது! 1949 ஆம் ஆண்டில் இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. வகுப்பறை ஆய்வுகூடத்திற் போத்தற் சீட்டுகளைச் சரியாக ஒட்டாத மாணவரைக் கடிந்துகொள்ளும் பழக்கமுடைய எனக்கு, இக்கதையை அவர்களுக்குச் சொல்லச் சற்றுத் தயக்கமே.

கிளிசரோல் என்ன செய்கின்றது? அது கலத்தினுட் புகுந்து நீரோடு கலக்கின்றது. அதனால் நீர் முழுவதும் பளிங்காகாமல் ஒரு பகுதி பாகு போல் எஞ்சி நிற்கின்றது. குளிரையும் மெல்ல மெல்லக் குறைத்தால், கலத்தினுள் இருக்கும் நீர் வெளியே கசிந்து அங்கே உறையும், கலம் சுருங்கிக் கிடக்கும், கிழியாது. இளகும்போது நீர் மீண்டும் உட்புகும். பாகு காய்ச்சிய எவரும் இதை ஒருவாறு ஊகிக்கலாம். நல்ல பாகு எளிதில் உறைவதில்லை அன்றோ?

விந்தோடு அவர்கள் நிற்கவில்லை. 1953 ஆம் ஆண்டில் பார்க்ஸும் ஓட்ரி சிமித்தும் எலியின் சூலக இழையத்தைக் கிளிசரோலில் ஊறவைத்து, பூச்சியத்திற்குக் கீழ் 79 பாகையில் உறையவைத்து, மீண்டும் ஒட்டவைத்தபோது அது உயிர்பெற்று ஓமோன் சுரந்தது. அடுத்த ஆண்டில் ரூத் டீன்ஸ்லி என்னும் அம்மையார் அவ்வாய்வை மேலும் கொண்டுசென்றார். 1960 இல் டெல்பின் பரட் என்னும் இன்னொரு பெண் விஞ்ஞானி, உறையவைத்துத் திரும்ப ஒட்டிய சூலகங்களைக் கொண்ட சுண்டெலிகள் குட்டி ஈன்றதைக் காட்டினார். ஆக, அடையாற்றில் டாக்டர் சாந்தா புற்றுநோய்க் குழந்தைகளின் தலைமாட்டில் நின்றிருந்த அதே ஆண்டுகளில், அக்குழந்தைகளுக்கு என்றோ ஒருநாள் தேவைப்படப்போகும் விடை இலண்டனில் எலிகளிடம் ஆயத்தமாகியிருந்தது. ஒன்றையொன்று அறியாமலே முப்பதாண்டுகள் கழிந்தன. கேட்பவர் இல்லாததால் அவ்வாய்வு ஏட்டில் உறங்கியது. முதலிற் பயன்பட்டது மனிதருக்கன்று, மாட்டுப் பண்ணைகளுக்கே. உறைந்த விந்திலிருந்து கன்றுகள் 1951 முதற் பிறக்கலாயின.

நம் பக்கத்திலும் இவ்வரலாற்றில் ஓர் அத்தியாயம் உண்டு, அது துயரமானது. கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி என்பவர் இருந்தார். எடின்பரோவில் 1967 இல் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பியவர். இங்கிலாந்தில் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 யூலை 25 இற் பிறந்தது. அதற்கு எழுபது நாட்களின் பின், அக்டோபர் 3 இல், கல்கத்தாவில் ஒரு பெண்குழந்தை பிறந்தது. உடலுக்கு வெளியே உண்டாக்கிய கருவை ஐம்பத்துமூன்று நாட்கள் உறையவைத்துப் பின்னர்த் தாயின் கருப்பையிற் சேர்த்ததாக முகர்ஜி அறிவித்தார். உறைந்த கருவிலிருந்து குழந்தை பிறந்ததை மேலைநாட்டார் செய்துகாட்டியது 1984 இல், அவுஸ்திரேலியாவில். ஆறாண்டுகள் முந்திய மனிதருக்கு நாம் என்ன செய்தோம்? அரசாங்கம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இத்துறையில் அறிவற்றோரும் இருந்த அக்குழு அவர் கூற்றை நம்பவில்லை. யப்பானுக்குச் சென்று தம் ஆய்வை எடுத்துரைக்க அனுமதி மறுக்கப்பட்டது. இறுதியாகக் கண்மருத்துவ நிலையம் ஒன்றிற்கு மாற்றப்பட்டார். 1981 யூன் 19 இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1997 இல், தாம் செய்த சோதனைக்குழாய்க் குழந்தையே இந்தியாவின் முதலாவது என்று அதுவரை போற்றப்பட்டுவந்த ஆய்வாளர் டாக்டர் ஆனந்தகுமார், முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதன்மை தமக்கன்று, அவருக்கே உரியது என எழுதினார். தம் புகழைத் தாமே இறக்கி வைத்த அச்செயலை நான் முகர்ஜியின் கண்டுபிடிப்புக்குச் சற்றும் குறையாததாகவே மதிக்கின்றேன்.

மீண்டும் சூலகத்திற்கு வருவோம். 1994 இல் எடின்பரோவில் ரொஜர் கோஸ்டன் என்பவரும் அவர்தம் குழுவினரும் செம்மறியாட்டின் சூலகத் துண்டுகளைத் திரவ நைதரசனிற் பூச்சியத்திற்குக் கீழ் 196 பாகையில் உறையவைத்து, அதே ஆட்டிற்குத் திரும்ப ஒட்டினர். ஆடு குட்டி ஈன்றது. எலியின் சூலகம் கடுகளவு, மென்மையானது. ஆட்டின் சூலகமோ மனிதப் பெண்ணின் சூலகத்தைப் போல் உறுதியானது. ஆட்டில் ஆகுமெனின் பெண்ணுக்கும் ஆகலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 1997 இல் பெல்ஜியத்தில், லூவெயின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் டோனெஸ் என்னும் வைத்தியர், நிணநீர்ப் புற்றுநோயுற்ற ஓர் இளம்பெண்ணுக்கு மருந்து ஏற்றுமுன் சூலக இழையத்தை எடுத்து உறையவைத்தார். அவள் குணமடைந்தாள், சூலகம் செயலிழந்தது. 2003 இல் அவ்விழையத்தைத் திரும்ப வைத்தார்கள். மாதவிலக்கு மீண்டது; இயல்பாகவே கருவுற்றாள்; 2004 செப்டெம்பர் 23 இல் ஒரு பெண்குழந்தை பிறந்தது. உலகில் இம்முறையால் வந்த முதற் குழந்தை அதுவே. உடலில் எஞ்சியிருந்த பழைய சூலகத்திலிருந்துதான் அந்த முட்டை வந்ததோ என்று சிலர் ஐயுற்றனர், முறையான ஐயமே. அடுத்த ஆண்டில் இஸ்ரேலிலும், பின்னர்ப் பல நாடுகளிலும் குழந்தைகள் பிறக்கப் பிறக்க அவ்வையம் வலுவிழந்தது. இன்று அவ்வாறு பிறந்தோர் இருநூறுக்கு மேற்பட்டவர்கள். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2019 இல் இம்முறை இனிப் பரிசோதனை நிலையிலுள்ளது அன்று என அறிவித்தது.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். வயிற்றிற் சிறு துளையிட்டுக் குழல்வழியே ஒரு சூலகத்தையோ, அதன் ஒரு பகுதியையோ எடுப்பார்கள். உறங்கும் முட்டைக்கலங்கள் யாவும் மேற்பரப்பை அடுத்து இருப்பதால், அம்மேற்பகுதியை மட்டும் ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்புள்ள கீற்றுகளாகச் சீவுவார்கள். காப்புக் கரைசலில் ஊறவைத்து, மெல்ல மெல்லக் குளிர்வித்து, திரவ நைதரசனில் இடுவார்கள். அங்கே அது பல்லாண்டு கிடக்கலாம். நோய் நீங்கிப் பிள்ளை வேண்டுங் காலத்தில் இளகவைத்து உடலுள் ஒட்டுவார்கள். நான்கைந்து மாதங்களிற் செயற்படத் தொடங்கும். பெரும்பாலும் சில ஆண்டுகள் நிலைக்கும்.

முட்டையையோ கருவையோ உறையவைக்கும் வேறு முறைகள் உண்டே எனில், உண்டு. அவையே இன்றும் பெருவழக்கு. ஆனால் அவற்றிற்கு ஓமோன் ஊசி ஏற்றி ஏறக்குறைய இரண்டு கிழமை காத்திருக்கவேண்டும். சில நோய்கள் அத்தனை நாட்களைத் தருவதில்லை. மேலும், பூப்படையாத சிறுமியிடம் முதிர்ந்த முட்டை ஏது? அவளுக்கு இவ்வொன்றே வழி. தலசீமியா என்னும் குருதி நோயை நம் நாட்டிலும் குருநாகல் முதலிய இடங்களிற் பல குடும்பங்கள் அறியும். அந்நோயுற்ற துபாய்ச் சிறுமி ஒருத்திக்கு, எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சைக்கு முன்னர், 2001 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் சூலகத்தை எடுத்து வைத்தார்கள். அப்பொழுது அவளுக்கு ஒன்பது வயது. டென்மார்க்கில் அது திரும்ப ஒட்டப்பட்டு, 2016 டிசெம்பரில் இலண்டனில் ஓர் ஆண்மகவை ஈன்றாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்காக அவள் தாய் அன்று எடுத்த முடிவை எண்ணிப்பாருங்கள். மகள் பிழைப்பாளோ என்று அஞ்சிய வேளையில், பேரப்பிள்ளையைப் பற்றியும் எண்ண ஒரு தாய்க்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

இது மந்திரமன்று என்பதையும் சொல்லவேண்டும். திரும்ப ஒட்டிக்கொண்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே பிள்ளை பெறுகின்றனர். வயது முப்பத்தைந்தைக் கடந்தோருக்குப் பயன் மிகவும் குறைவு. குருதிப் புற்றுநோயிற் சூலக இழையத்தினுள்ளேயே நோய்க்கலங்கள் மறைந்திருக்கக்கூடும். திரும்ப வைத்தால் நோயையே திரும்ப வைத்ததாகிவிடும். ஆதலால் அந்நோயாளர் பலருக்கு வைத்தியர்கள் இதைத் திரும்ப ஒட்டத் தயங்குகின்றனர். எல்லா மருந்துகளும் சூலகத்தைக் கெடுப்பதில்லை என்பதும் உண்மை. பலர் சிகிச்சைக்குப் பின் இயல்பாகவே தாயாகின்றனர். எவருக்கு ஆபத்து மிகுதி என்று கணித்துச் சொல்வது வைத்தியரின் கடன்.

எங்கள் மாவட்டத்திற் கத்தோலிக்கர் பெருந்தொகையினர். உடலுக்கு வெளியே கருவுண்டாக்குவதைத் திருச்சபை ஏற்பதில்லை. 1987 ஆம் ஆண்டின் உரோமை அறிவுறுத்தல் அதனைத் தெளிவாகக் கூறுகின்றது. சூலக இழையத்தை அதே பெண்ணுக்குத் திரும்ப ஒட்டி, இயல்பாகக் கருவுறச் செய்வது வேறு. முதற் குழந்தை அவ்வாறே பிறந்தது என்பதை மேலே சொன்னேன். சமயம் எதுவாயினும் எங்களூரிற் பிள்ளையில்லாப் பெண்ணுக்கு வைக்கும் பெயர் ஒன்றுதான். மடுமாதாவிடம் நேர்த்தி வைப்பவளும், கேதீச்சரத்திற் பாலாவித் தீர்த்தமாடுபவளும், பள்ளிவாசலில் துஆக் கேட்பவளும் அந்தப் பெயருக்கு அஞ்சியே செல்கின்றார்கள். நோயிலிருந்து மீண்டவளை வீரத்தி என்று கொண்டாடிய அதே வாய்கள், இரண்டாண்டுகள் கழித்து அவள் முதுகுக்குப் பின் என்ன பேசின என்பதை நான் என் காதாற் கேட்டிருக்கின்றேன்.

இனி, ஐஸ் பெட்டிக்கு வருகின்றேன். டென்மார்க்கில் இழையத்தை உறையவைக்கும் இடம் தலைநகரான கொப்பன்ஹேகனில் இருக்கின்றது. நாட்டின் பிற பகுதியிலுள்ள நோயாளிகளை அங்கே அலையவிடுவதில்லை. அவரவர் ஊர் மருத்துவமனையிலேயே சூலகத்தை எடுத்து, குளிர்ந்த கரைசலில் இட்டு, ஐஸ் வைத்த பெட்டியில் தெருவழியே அனுப்புகின்றார்கள். நான்கைந்து மணி நேரம் பயணஞ் செய்த இழையத்திலிருந்தும் பிள்ளைகள் பிறந்திருக்கின்றன. உறையவைப்பதற்கே பெருங்கருவி வேண்டும். கொண்டுசெல்வதற்கு நம் மீன் வியாபாரி அறிந்த முறையே போதும்.

இதை வாசித்தபோது என் மனம் நம் தெருக்களை அளந்தது. எங்கள் பகுதி நோயாளர்கள் மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ செல்கின்றனர். தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை 2013 இல் திறக்கப்பட்டது. அதற்கு நிதி சேர்க்க 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, நாட்டின் தெற்கு முனையிலிருந்து வடக்கு முனைக்கு, மக்கள் நடந்தார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்த நடை அது. அவ்வாண்டே சங்குப்பிட்டிப் பாலமும் திறக்கப்பட்டதால், மன்னாரிலிருந்து பூநகரி வழியே யாழ்ப்பாணம் இன்று மூன்று மணி நேரத்திற்குள். கொழும்பு ஆறேழு மணி நேரம். டென்மார்க்குக்காரரின் ஐஸ் பெட்டிக்கு இத்தெருக்கள் அந்நியமானவை அல்ல. அந்தப் பெட்டி போய்ச் சேரவேண்டிய இடம் ஒன்று வேண்டும். அதனினும் முதலாக, மருந்து ஏற்றுமுன் ஒருவர் அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டும். இழையத்தை எடுப்பதா விடுவதா என்பது பின்னர். செய்தியைச் சொல்வதற்குத் திரவ நைதரசன் தேவையில்லை.

சென்ற ஆண்டின் மூன்றாந் தவணையில் ஒரு தாய் என்னிடம் வந்தார். மகள் பத்தாம் வகுப்பு. நீண்ட விடுமுறைக்குக் கடிதம் வேண்டும் என்றார். காரணம் கேட்டேன், சொல்லமாட்டாமல் அழுதார். கடிதத்தை எழுதிக் கையொப்பமிட்டபின், இன்னொரு தாளை எடுத்து, "என் மகளுக்கு ஏற்றப்போகும் மருந்து அவளுடைய சூலகத்தைப் பாதிக்குமா? பாதிக்குமெனின், தொடங்குமுன் செய்யக்கூடியது ஏதும் உண்டா?" என்று எழுதிக் கொடுத்து, இதை வைத்தியரிடம் அப்படியே காட்டுங்கள் அம்மா என்றேன். அவர் அதை இருமுறை வாசித்தார். இதையெல்லாம் இப்பவே கேக்கலாமோ சேர் என்று மெல்லக் கேட்டார். இப்பவேதான் அம்மா கேட்கவேண்டும் என்றேன். தாளை நான்காக மடித்து, மகளின் கிளினிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு, யாழ்ப்பாண பஸ்ஸைப் பிடிக்க விரைந்தார்.